வெற்றிலைக் கறை

மைக்ராஸ்கோப்பை வைத்துப் பிழைக்கிறவள் நான். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்தால் போதும், உடம்புக்குள் நடக்கிற பாதி சங்கதி என் கண்ணுக்குத் தப்பாது என்று கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரை ஒரே ஒரு மனிதர் உடைத்தார். அதுவும் இரண்டு முறை, ஒரே மாதிரி. அவரை நினைத்தால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகுதான் கண் கலங்கும். இத்தனை வருஷத்தில் இந்த வரிசை மாறியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற பக்கம் ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. பந்தயக் குதிரைகளுக்குக் குட்டி எடுக்கிற இடம். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு, மணிமங்கலத்திலிருந்து பஸ் மாறி மாறி அங்கே வேலைக்குப் போனேன். பொலிகுதிரை பெட்டையோடு சேர்ந்து இறங்கும்போது கடைசியாகச் சில துளிகள் சொட்டும். அதைக் கிண்ணத்தில் பிடித்துக் கொண்டுவந்து தருவார்கள். உயிரணுக்கள் ஓடுகின்றனவா, எந்த லட்சணத்தில் ஓடுகின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கல்யாணம் ஆகாத பெண் இதை ஊரில் எப்படிச் சொல்லிக்கொள்வது? அம்மா தெரு முழுக்க ‘மெடிக்கல் லேப்’ என்று சொல்லிவைத்திருந்தாள்.

கிண்ணத்தைப் பிடித்துக் கொண்டுவருகிறவர்தான் அவர். பொலிகுதிரைகளைப் பார்த்துக்கொள்கிற குதிரைக்காரர். ஐம்பதைத் தொட்ட ஒல்லி உடம்பு, கன்னத்தில் எந்நேரமும் வெற்றிலை, தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. வெள்ளை என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். வாயைத் துடைப்பதும் அதில்தான், குதிரையின் மூக்கைத் துடைப்பதும் அதில்தான். சிவப்பும் பழுப்புமாக அதில் எப்போதும் ஏதாவது ஒரு கறை இருக்கும். நான் ‘அண்ணா’ என்பேன். அவர் என்னை ‘பாப்பா’ என்பார்.

அவருக்கு ஒரு வார்த்தை உண்டு. “இது நாலு பேருக்குத் தெரியணுமா?” அந்த வார்த்தைதான் அவர். யாருடைய மானமும் அவர் கண் எதிரில் போகக்கூடாது. வாட்ச்மேன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்க, முதலாளியின் கார் திரும்பினால், லாயத்திலிருந்தே ஊருக்குக் கேட்கிற மாதிரி இருமுவார். கால்நடை டாக்டர் ஒருமுறை பெட்டைக் குதிரையிடம் உதை வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் மல்லாக்க விழுந்தார். கோட்டு சூட்டெல்லாம் பாசி. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனால், இவர் தொட்டி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

“இன்னா எல்லாரும் ஓடியாறீங்க? தொட்டில பாசி கீதான்னு சாரு எறங்கிப் பாக்கறாரு. போங்க, போய் வேலையப் பாருங்க.”

டாக்டரும் முகத்தை இறுக்கிக்கொண்டு தொட்டிக்குள்ளேயே தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் இவரை அதட்டி நான் பார்க்கவில்லை, அந்த ஒரு நாள் வரும்வரை.

என்னையும் அவர் காப்பாற்றியிருக்கிறார். என்னைப் பெண் கேட்ட வீட்டுப் பெரியவர், சொல்லாமல் கொள்ளாமல் பண்ணை கேட்டுக்கே விசாரிக்க வந்துவிட்டார். நான் உள்ளே கையில் கிண்ணத்தோடு நிற்கிறேன், வியர்த்துக் கொட்டுகிறது. இவர்தான் போய்ப் பேசினார். “குதிரைங்களுக்குச் சளி, ஜொரம் வந்தா இந்தப் பாப்பாதாங்க ரத்தம் டெஸ்டு பண்ணும். தங்கமான புள்ள.” பெரியவர் நிறைந்த மனசோடு திரும்பிப் போனார். அவர்தான் இப்போது என் மாமனார். குதிரைச் சளியைப் பற்றி இன்றைக்கும் என்னிடம் சந்தேகம் கேட்பார், நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

பண்ணையில் இரண்டு பொலிகுதிரைகள். ஒன்று இளசு, கறுப்பன் என்போம். இன்னொன்று செவலை. கூப்பிட வேறு இங்கிலீஷ் பெயரெல்லாம் இருந்தது, அது யார் வாயிலும் நுழையவில்லை. செவலை அவர் கையில் வளர்ந்த குதிரை இல்லை, வேறு ஊரிலிருந்து வந்ததுதான். ஆனால் வந்த நாளிலிருந்து அது வேறு யார் கையிலும் தண்ணீர் குடித்ததில்லை. அவரும் பண்டிகைக்குக்கூட வீட்டில் முழு நாள் இருந்ததில்லை. பொலிகுதிரையின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். பெட்டைகளுக்குச் சினை நிற்கும்வரைதான் அதற்குக் கொள்ளும் மரியாதையும். நிற்கவில்லை என்றால் தள்ளிவிடுவார்கள். செவலையைத் தள்ளிவிட்டால் எங்கே போகும் என்கிற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

ஒரு பருவத்தில் செவலையோடு சேர்த்த பெட்டைகளுக்கு வரிசையாகச் சினை நிற்கவில்லை. என் மைக்ராஸ்கோப்பில் செவலையின் துளிகள் அருமையாக இருந்தன. உயிரணுக்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி முண்டியடித்துக்கொண்டு ஓடின. கறுப்பனுடையதும் அப்படியே. ஆண் மேல் குறையில்லை என்று நான் சொன்னேன், டாக்டர் எழுதினார். அப்புறம் என்ன, பழி பெட்டைகள் தலையில் விழுந்தது. ஒன்றை மலடு என்று சொல்லி ஓட்டிவிட்டார்கள். இன்னொன்றுக்குக் கருப்பையில் சீழ் பிடித்து, அது நின்ற இடத்திலேயே மெலிந்துபோனது. நம் வீடுகளில் நடப்பதுதானே குதிரைக்கும் நடக்கிறது என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் வழக்கமாக ஏதாவது பதில் சொல்வார். அன்றைக்கு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

பிறகு கறுப்பனுக்குக் குளம்பில் புண் வந்து, அதை லாயத்தை விட்டு வெளியே விடவில்லை. அன்றிலிருந்து செவலையின் கிண்ணமும் காலியாக வந்தது.

“ஒதறிடுச்சு பாப்பா, கீழ கொட்டிப்போச்சு.”

அடுத்த முறையும் கொட்டிப்போச்சு. அவர் தோளில் துண்டு சிவப்பாக நனைந்திருந்தது. ‘என்ன அண்ணா?’ என்றேன். ‘வெத்தல எச்சி’ என்றார். வெற்றிலை போடுகிறவர் துண்டில் சிவப்பைப் பார்த்து யார் என்ன கேட்பார்கள்? டாக்டர்தான் ஏதோ தோன்றி, மறுமுறை கிண்ணத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு போய் நின்றார். செவலை இறங்கும்போது வலியில் முனகியது. கிண்ணத்தில் விழுந்தது ரத்தம் கலந்த துளி.

அப்போதும் இவர், “வெத்தல எச்சி சார், மேல தெறிச்சிருக்கும்” என்றார்.

“குதிரை வெத்தல போடுமாய்யா?” என்று டாக்டர் கத்திய கத்தலில் பெட்டைகளெல்லாம் மிரண்டன.

நடந்தது இதுதான். பருவம் தொடங்கும்போதே ஒருநாள் செவலைக்கு ரத்தம் தெரிந்திருக்கிறது. இவர் துண்டால் துடைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். செவலை நிறத்தில் மீதி ரத்தமும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அதன் பிறகு கறுப்பனிடம் பிடித்த துளிகளை இரண்டு கிண்ணத்தில் பங்கு போட்டு, ஒன்றைச் செவலையுடையது என்று என்னிடம் தந்துகொண்டிருந்தார். நான் வாரக்கணக்கில் ஒரே குதிரையை இரண்டு முறை பாராட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் செவலையின் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே விந்துப்பைகள் வீங்கி இறுகியிருந்தன. தொட்டதும் குதிரை துடித்தது. விந்தோடு சேர வேண்டிய நீரைச் சுரக்கிற துணைச் சுரப்பிகள் சில உண்டு, அந்தக் கூட்டத்தில்தான் விந்துப்பையும் புராஸ்டேட்டும் இருக்கின்றன என்று எனக்கு விளக்கினார். நான் கிருமியை வளர்த்த தட்டில் பச்சையாகப் படர்ந்தது. பழைய திராட்சை மாதிரி ஒரு இனிப்பு வாடை அடித்தது. சாதாரண மருந்துக்கு மசியாத கிருமி.

“ஆண் குதிரைக்கு இந்தச் சுரப்பிகள்ல நோய் வர்றதே அபூர்வம்மா. வந்தா லேசுல போகாது. மொத நாளே சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இந்த விஷயத்துல மனுஷனுக்குத்தான் தொல்லை அதிகம். வயசாச்சுன்னா நெறைய ஆம்பளைங்களுக்குப் புராஸ்டேட். அவனும் வெக்கப்பட்டுச் சொல்ல மாட்டான்” என்றார் டாக்டர்.

குதிரைக்காரர் அங்கேதான் நின்றார், செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

விளக்கு வைத்த நீளக் குழாயை உள்ளே விட்டு, விந்துப்பையைக் கழுவி, மருந்து ஊற்றிப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் தெளியும், பிறகு மறுபடி ரத்தம் வரும். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் பெட்டைகளை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. “ஏன் அண்ணா இப்படிப் பண்ணினீங்க?” என்று நேராகவே கேட்டேன்.

“சொன்னா அத வச்சிருக்க மாட்டாங்க பாப்பா. தானா சரியாப் பூடும்னு நெனச்சேன். உன்கிட்ட பொய் சொல்லணும்னு இல்ல. அதுக்கு இப்பிடி ஆயிடுச்சுன்னு நாலு பேருக்குத் தெரியணுமா?”

அதன் மானத்தைக் காப்பாற்றியதாகத்தான் அவர் கடைசிவரை நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் சுற்றுவட்டாரத்தில் கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்க ஆரம்பித்தார்கள். முதலாளியும் விற்றார். பெட்டைகளும் கறுப்பனும் வேறு பண்ணைக்குப் போயின. நோய் பிடித்த பொலிகுதிரையை எவன் உள்ளே விடுவான்? டாக்டர் ஒருநாள் காலையில் மருந்துப் பெட்டியோடு வந்தார். இவர் செவலையைக் குளிப்பாட்டி, வாலைச் சீவி, தானே பிடித்துக்கொண்டு வந்தார். ஊசி போடும்போது துண்டால் அதன் கண்ணை மூடினார். மண் நிரவ வந்திருந்த பொக்லைன்தான் குழியும் தோண்டியது. வேலி ஓரமாக ஊர்ப் பிள்ளைகள் வந்து, “செவலை எங்க தாத்தா?” என்று கேட்டன.

“ஊட்டிக்கு அனுப்பிட்டாங்கடா. அங்க நல்ல குளிரு, நல்ல புல்லு. ஜம்முனு கீது.”

பிள்ளைகள் என்னைப் பார்த்தன. நானும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

பண்ணை இருந்த இடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனி எழுந்தது. அவர் அதே மண்ணில், அதே கேட் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே செக்யூரிட்டி ஆனார். நீலச் சட்டை, தொப்பி. துண்டு மட்டும் பேண்ட் பைக்குள் போனது. ஷிப்ட் பஸ்கள் நிற்கிற இடத்தைக் காட்டி, “அங்கதான் செவலை” என்று ஒருமுறை என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்த இடத்தில் யாராவது எச்சில் துப்பினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கும் கல்யாணமாகி, ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு லேபில் வேலை. அம்மா சொன்ன பொய் உண்மையாகிவிட்டது, நிஜமான மெடிக்கல் லேப். கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற டெஸ்ட் எல்லாம் எங்களிடம்தான் வரும். ஒருநாள் அவரே வந்தார், கையில் சிறுநீர் சாம்பிள் பாட்டிலோடு. கன்னம் ஒட்டியிருந்தது.

“இளைச்சிட்டீங்களே அண்ணா?”

“ஷிப்டு மாத்தி மாத்திப் போடறானுங்க பாப்பா. தூக்கமே இல்ல.”

பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அத்தனை சுத்தமான சாம்பிள் அந்த வாரம் முழுக்க வரவில்லை. “அண்ணா, இருபது வயசுப் பையன் மாதிரி கீறீங்க” என்று அவர் பாஷையிலேயே கேலி செய்தேன். வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த மழைக்காலத்தில், அதே கம்பெனியில் லைனில் வேலை செய்கிற திருநெல்வேலிப் பையன் ஒருவன் காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க வந்தான். செக்யூரிட்டி அண்ணா எப்படி இருக்கிறார் என்று அவனிடம் விசாரித்தேன்.

“அண்ணாச்சி லீவுல்லா, ஒரு மாசமா வரலக்கா. முதுகுவலின்னு அரசாங்க ஆஸ்பத்திரில கெடக்காராம்” என்றான். பிறகு சிரித்தபடியே, “அன்னைக்கு ஒங்க லேபுக்கு அவரு கொண்டாந்தது நான் குடுத்ததுதாம்க்கா. நான் லேட்டா வந்தா அவரு மாட்டிவிடவே மாட்டாரு. அந்த மனுசன் ஒண்ணு கேக்கும்போது எப்படிக்கா மாட்டேங்க முடியும்? டெஸ்டுல ஏதாச்சும் வந்துட்டா வேலய விட்டு எடுத்துருவாங்கன்னு சொன்னாரு.”

பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும்.

அன்று சாயங்காலமே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண்கள் வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புவரை போய்விட்டது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. எனக்கு இருந்த கோபத்தில் நலம்கூட விசாரிக்கவில்லை.

“மறுபடியும் கிண்ணத்த மாத்தினீங்களா அண்ணா?”

கண்ணை மூடிக்கொண்டார். “அந்தப் பையன் சொல்லிட்டானா?”

“எத்தன நாளா ரத்தம் போவுது?”

“தானா சரியாப் பூடும்னு நெனச்சேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. செவலைக்குப் பார்த்தவ தானே நான்?”

“அது குதிர பாப்பா” என்றார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, “நீ பொம்பளப் புள்ள. உன்கிட்ட இத இன்னான்னு சொல்றது?” என்றார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் குனியவைத்தார். “வூட்ல உன் அண்ணிக்குத் தெரியாது. முதுவுவலின்னுதான் சொல்லிகினு கீறேன். ரத்தம் கித்தம்னு நீ போய்ச் சொல்லிடாத. அதுக்கு நெஞ்சு தாங்காது. இது நாலு பேருக்குத் தெரியணுமா?”

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு வராண்டாவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

தை பிறக்கும்முன் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, வல்லக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கிணற்றடியில் அவருடைய துணிகளையெல்லாம் துவைத்துக்கொண்டிருந்தாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தாளாம், அழுக்காகக் கொடுக்க மனசு வரவில்லையாம். நான் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். கொடுத்த வாக்கை மனசில் வைத்துக்கொண்டு, “முதுகுவலி ரொம்பப் படுத்திடுச்சு இல்ல அண்ணி?” என்றேன்.

அவள் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“உன்கிட்டயும் முதுவுவலின்னுதான் சொல்லச் சொன்னாரா?”

நான் வாளியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“துண்டத் தொவச்சவ நான் தானேம்மா. வெத்தலக் கறன்னு சொல்லுவாரு. வெத்தலக் கற எங்கயாவது போவுமா? எத்தன சோப்பு போட்டாலும் பழுப்பா அப்பிடியே நிக்கும். இது பச்சத் தண்ணியில அலசுனா ஓடிடும். செவலைக்கு வந்தப்பவும் அப்பிடித்தான் ஓடிச்சு. ஒன்றர வருசமா அலசுனேன். முருகன்கிட்ட வேண்டிக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாய்யான்னு முதுவுவலியச் சொல்லித்தான் கூப்ட்டேன். வரவே இல்ல.”

“ரத்தம்னு நேரா கேட்டிருக்கலாமே அண்ணி?”

“கேட்டிருந்தா அன்னையிலேந்து துண்ட அவரே தொவச்சிக்கினு இருப்பாரு. அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியாமப் பூட்டிருக்கும்.”

சொல்லிவிட்டு, கையிலிருந்த துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நன்றாகப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். அதில் பழைய வெற்றிலைக் கறைகள் மட்டும்தான் இருந்தன.